பச்சைக் கொடி நட்ட மணல்

கார்மேகம் ஓங்கிய கடப்பாரை ஹார்ட்விக்கின் காதை உரசிக்கொண்டு போனது. ரத்தம் கழுத்துவரை இறங்கிற்று.

"நீதானே கொடி நட்ட? நீ போய்த் தூக்கிட்டு வா."

தமிழில்தான் சொன்னான். அந்த ஜெர்மன்காரருக்குப் புரியாமல் இல்லை.

பச்சைக் கொடிகளுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ரெங்கராஜ் கிடந்தான். கார்மேகத்தின் தங்கச்சி புருஷன். குழாய்ப் பள்ளத்துக்கு முளை அடிக்க முதல் ஆளாக உள்ளே போனவன். என்றைக்கோ நடந்த சண்டையில் யாரோ புதைத்த கண்ணிவெடி, ஒரு காலை முழங்காலோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கத்தி ஓய்ந்து, இப்போது முனகிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் குவைத் சிட்டியிலிருந்து இந்த வடக்குப் பாலைவனத்துக்கு வந்து சேர்வதற்குள் அவன் உடம்பில் ரத்தம் மிஞ்சாது. கார்மேகம் ஓடப் பார்த்தான். நாலு பேர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

ஹார்ட்விக் சொந்த ஊரில் பூகோளம் படித்தவர். ஈராக்காரன் ஓடிய வருஷம் வந்து, பதினாலு வருஷமாகக் குவைத் மணலை அளந்தே தலை நரைத்தவர். காற்று எந்த மேட்டை எங்கே தள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இந்த இடத்தில் கண்ணி கிடையாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடி நட்டதும் அவர்தான். அந்தக் கொடியை நம்பித்தான் கம்பெனி ஆள் இறக்கியது.

வெடித்த பிறகும் அதையே சொன்னார். இடம் சுத்தம், இவன்தான் கிடந்ததை எதையோ எடுத்து நோண்டியிருப்பான் என்று இந்தியில் சொன்னார்.

அதற்குத்தான் மூக்கில் குத்து விழுந்தது. கடப்பாரை அப்புறம்.

அவர் கொடியைத் தாண்டிப் போனார்.

ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷன். சைட்டில் அவர் எட்டுக்கு ஈடுகொடுத்து யாராலும் நடக்க முடியாது. இப்போது குனிந்து தரையைப் பார்த்துப் பார்த்து, சின்னச் சின்னதாக அடி வைத்தார்.

"புதுப்பொண்ணு கணக்கா போறான் பாரு" என்றான் பின்னால் ஒருத்தன்.

பயத்தில் கால் பின்னுகிறது என்றுதான் கார்மேகமும் நினைத்தான்.

வெடிக்கவில்லை.

ரெங்கராஜைத் தோளில் போட்டுக்கொண்டு அதே நடையில் திரும்பி வந்தார். கைலியைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, பிக்கப்பில் ஏற்றினார்கள். ரெங்கராஜின் வாய் ஒருமுறை மச்சான் என்று அசைந்தது.

ஃபோர்மேன் அகமது கபீர், கார்மேகத்தை வண்டியில் ஏறச் சொன்னார். மற்றவர்களைப் பார்த்து யல்லா, வேலையைப் பாருங்கள் என்றார். சாரே போய்விட்டு வந்துவிட்டார், தரை சுத்தம்தான், இன்றைக்குப் பள்ளம் தோண்டியாக வேண்டும் என்றார். ஆட்கள் மூச்சு விட்டார்கள். ஒவ்வொருவராக மண்வெட்டியை எடுத்தார்கள்.

மச்சான் தலையை மடியில் வைத்துப் பிக்கப் தட்டில் உட்கார்ந்த கார்மேகத்துக்கு, அந்த உயரத்திலிருந்து மணல் முழுசும் தெரிந்தது. கொடியிலிருந்து வெடித்த குழிவரை.

உள்ளே போனது ரெங்கராஜ். போய் வந்தது ஹார்ட்விக்.

மணலில் இருந்தது ஒரே தடம்.

ரெங்கராஜின் குட்டைக் கால் எட்டுகள். ஒவ்வொன்றின் மேலும், துளி விலகாமல், பெரிய பூட்ஸ்.

கார்மேகம் கத்தவில்லை.

"பாய், சாரை ஒரே ஒரு எட்டு விலகி வைக்கச் சொல்லுங்க. வெச்சா எல்லாரும் எறங்குங்க."

கபீர் அதை இந்தியில் சொன்னார்.

ஹார்ட்விக் காதை அழுத்திப் பிடித்தபடி தான் நட்ட கொடிகளைப் பார்த்தார். கால் அசையவில்லை.

டிரைவர் வண்டியை எடுத்தான். புழுதி எழுந்து மறைக்கும்வரை கார்மேகம் பார்த்துக்கொண்டே போனான். மண்வெட்டி எடுத்தவர்கள் யாரும் அதைக் கீழே போடவில்லை.

ஹார்ட்விக் பக்கம் திரும்பி, பிடியை மட்டும் மாற்றிப் பிடித்தார்கள்.