ஜன்னலில் இரண்டு தொப்பிகள்

ஓக் பார்க் ஊரில் புது வீட்டுக்குக் குடிவந்து மூன்றாம் நாள். பட்டப்பகலில், வரிசை ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடிக்கு வெளியே ஒரு தொப்பி நகர்வதைக் கண்டாள் ஹில்டா.

"இதோட நாலாவது தடவை வீட்டைச் சுத்துறாங்க. திருடனேதான். போலீஸுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரமாச்சு."

கணப்பு கிளறும் கம்பியைக் கையில் எடுத்தான் கணவன் லெஸ்டர். "கூரையை இவ்வளவு தாழ்வா இறக்காதேன்னு அந்த ஆர்க்கிடெக்ட்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப திருடனுக்கு ஏணியே வேணாம்!"

"வாசலையாவது மறைவா வச்சாரே, அந்த மட்டும் தப்பிச்சோம்... ஐயோ, இப்ப ரெண்டு தொப்பி! கூட்டாளியையும் கூட்டிட்டு வந்துட்டான்!"

லெஸ்டர் ஜன்னலைத் திறந்து கத்தினான். "யாருடா அங்கே?"

"போலீஸ்தான் சார்! நீங்க சொன்ன ஆளைப் பிடிச்சிட்டேன். தபால்காரராம். மூணு நாளா சுத்துறாராம்." குரல் தணிந்தது. "நானும் அரை மணியா சுத்துறேன். உங்க வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் சார்?"