இன்னும் ஒரு ரவுண்டு

“டாக்டர், உங்க இடது காலுக்கு மூளையே கிடையாது” என்றார் டிரைவிங் மாஸ்டர். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாவது முறையாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஐம்பத்திரண்டு வயதுப் பல் டாக்டர் கோபப்படாமல் மறுபடியும் கிளட்சை மிதித்தார்.

கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்குவதில் அவருக்கு ஊரெல்லாம் பெயர். அதே கை கியரைப் பிடித்தால் மட்டும் கறக் கறக்கென்று இரும்பு அரைபட்டது. இருபது வருஷமாகத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் காரை ஓட்டியவர். இடது கால் சும்மா இருந்தே சோம்பேறி ஆகிவிட்டது.

இந்த வண்டியில் கையால்தான் கியர் போட வேண்டும் என்று ஷோரூமில் சொன்னபோதும் அவர் கேட்கவில்லை. இரண்டே இருக்கை, கல்லூரிக் காலத்து ஆசை. வீட்டில் பூகம்பம்தான் என்று பயந்துகொண்டே சாவியை நீட்டினார். அவர் புதுச் செருப்பு வாங்கினாலே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனைவி, அன்று சிரித்தாள்.

“உங்க ஆசைதானே. அவசரப்படாம, நிதானமா கத்துக்கோங்க” என்றாள். நல்ல மாஸ்டராகத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் முதலில் இவளைத்தான் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

தினமும் காலை ஆறரைக்குப் பாடம். ஊருக்கு வெளியே ஆளில்லாத தொழிற்பேட்டை, அதன் நீளச் சுவர், பாலத்துக்கு அடியில் ஒரு வளைவு. மாஸ்டர் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அது ஒரு தடவை சிணுங்கினால், “போதும் டாக்டர், வீட்டுக்குத் திருப்புங்க” என்பார். சிணுங்காத வரை இன்னும் ஒரு ரவுண்டு. சில நாள் ஏழே முக்கால் ஆகும், சில நாள் எட்டேகால். வீடு திரும்பும்போது மனைவி குளித்து முடித்து, வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதம் ஓடியது. கியர் இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. ஆனாலும் மாஸ்டர் ஏதாவது ஒரு நொட்டை சொன்னார். ஒரு வாரம் ஏற்றத்தில் கால் நடுங்குகிறது என்றார். அடுத்த வாரம் வளைவில் அவசரம் என்றார். தனியாக எடுத்தால் கிளட்ச் கருகிவிடும் என்று மிரட்டியும் வைத்தார்.

டாக்டர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் மாஸ்டரின் மூன்று சொத்தைப் பல்லைக் காசு வாங்காமல் அடைத்துக் கொடுத்திருந்தார்.

ஒருநாள் பாடம் முடிந்ததும் காரை நேராகக் கிளினிக் வாசலில் விடும்படி டாக்டர் மாஸ்டரிடம் சொன்னார். அன்று பல் பிடுங்கிக்கொள்ள ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார். வேலை முடிந்ததும் டாக்டர் கூச்சத்தோடு அவரிடம் விஷயத்தைச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

வாயில் பஞ்சோடு ஏறி உட்கார்ந்த பஸ் டிரைவர், ஏற்றம், இறக்கம், சந்தை நெரிசல் எல்லாம் சுற்றி வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது பஞ்சைத் துப்பிவிட்டு, மரத்துப்போன வாயால் குழறிக்குழறிச் சொன்னார்.

“முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன் டாக்டர். உங்களுக்கு வராதுன்னு எவனாவது சொன்னா, அவன் உங்களை ஏமாத்தறான்.”

அன்று முழுவதும் டாக்டருக்கு வேலை ஓடவில்லை. மாதக் கட்டணத்துக்காக மாஸ்டர் இப்படி இழுத்தடித்திருக்கிறான். பணம் போனால் போகிறது. தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று தானே நம்பும்படி செய்துவிட்டானே என்பதுதான் தாங்கவில்லை. என்னிடம் வாயைத் திறந்து காட்டியவன் மனதைத் திறந்து காட்டவில்லையே என்று நினைத்து நினைத்துக் குமைந்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. பாவம், அவள் தேடிக் கொடுத்த ஆள், தெரிந்தால் நொந்துபோவாள்.

மறுநாள் காலை பாலத்து வளைவை ஒரு சுற்று வந்தார். கடிகாரத்தில் ஏழு. காரை வீட்டுச் சாலைக்குத் திருப்பினார்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் நேரமிருக்கிறதே என்றார். ரிவர்ஸ் சரியாக வரவில்லை, அதை மட்டும் பார்த்துவிடலாம் என்றார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது கியர் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. தெரு முனை தெரிந்ததும் மாஸ்டரின் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. டாக்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, காரை ஓரம் கட்டினார்.

“எனக்கு ஓட்டத் தெரியும்னு உனக்கு எப்பவோ தெரியும். இத்தனை நாளா என்னை நம்ப வச்சுக் கழுத்தை அறுத்திருக்கே. இப்ப நேரா வீட்டுக்குப் போய் அவளை இந்த சீட்ல உக்கார வச்சு ஊரைச் சுத்தப் போறேன். நீ இறங்கிக்கோ.”

மாஸ்டர் இறங்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கட்டணம் முழுவதையும் திருப்பித் தந்துவிடுவதாகவும், இன்று ஒரு நாள் மட்டும் வேண்டாம் என்றும் கெஞ்சினார்.

டாக்டர் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார்.

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

“டாக்டர், வீட்டுக்குள்ள இருக்கறவர் கிளம்பற வரைக்கும் உங்களை இந்தப் பக்கம் விடக் கூடாதுன்னு வீட்டம்மாதான் சொல்லியிருக்காங்க.”