நாலாம் நம்பர் ஃபர்னஸ்

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. முனகுகிறது. பெங்களூரிலிருந்து வந்த இருவர் கைகட்டி நிற்கிறார்கள். ஃபர்னஸ்களின், அதாவது உலைகளின், வெப்பக் கணக்குப் போட ஸ்டெல்லா எழுதிய புரோகிராம் நேற்றுப் போல இன்றும் பாதியில் நின்றுபோனால், அவள் வேலை அவர்கள் கம்பெனிக்குப் போய்விடும். அவளை இங்கே சேர்த்துவிட்ட சித்தப்பா ராயப்பன், ஃபர்னஸ் சூப்பர்வைசர், விறைப்பாக நின்றவர் அவள் காதருகே குனிகிறார். "தப்பு வந்தா புரோகிராம் உள்ளயே முழுங்கிடட்டும் தாயி. மானம் போயிரும்." "முழுங்கினா ரிப்போர்ட்டுல பொய் ஏறும் சித்தப்பா. மேல வரட்டும், நான் புடிச்சுக்கறேன்." வளையல் குலுங்க அவள் விசையைத் தட்டுகிறாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடுகின்றன. புரோகிராமின் ஒரு சிறு பகுதி, ஒரு சப்ரூட்டீன், இன்னொன்றை அழைக்க, அது மற்றொன்றை அழைக்க, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வெப்ப அளவைத் தேடுகிறது. எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நேற்று இங்கேதான் எல்லாம் நின்றது. இன்று அந்தப் பிழை படிப்படியாக ஏறுகிறது; ஒவ்வொரு படியும் தன் பெயரைச் சேர்த்து அனுப்ப, உச்சியில் அவள் வைத்த பிடியில் வந்து சிக்குகிறது. "நாலாம் நம்பர் ஃபர்னஸ், வெப்ப அளவு இல்லை" என்று ஒரே ஒரு வரி திரையில் மின்னுகிறது. உடனே ஐந்தாம் நம்பரின் கணக்கு ஓடத் தொடங்க, பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளுகிறது. நாலாம் நம்பர் ராயப்பனுடைய பொறுப்பு. எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். அவர் போனை எடுத்து ஃபர்னஸ் அருகே இருக்கும் ஆளைக் கூப்பிடுகிறார். "திம்மராயா, நாலாவதுல வயரு கழண்டிருக்கான்னு பாரு." சற்றுக் காத்திருந்து, "கழண்டிருக்கா? மாட்டு" என்று சொல்லி வைக்கிறார். பிறகு பெங்களூர்க்காரர்கள் பக்கம் முதுகு நிமிர்த்தித் திரும்புகிறார். "எங்க அண்ணன் பொண்ணுங்க. சித்தப்பன்னு கூட விட்டுவைக்கல, பாத்தீங்களா?"