பாடாத கம்ப்யூட்டர்

"எல்லாம் நல்லா இருக்குன்னா பாட்டு ஏன் வரல? உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

தையல்காரர் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே கேட்டார். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

வந்த காரியமே வேறு. தையல்காரரின் மகளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவரோ யாரையும் நம்பாத ஆள். சும்மா வந்து நின்றால் வாசலோடு துரத்திவிடுவார். அதனால் மகளே ஒரு வழி செய்தாள். நேற்றுக் கடை மூடும்போது, கடையில் பாட்டுப் போடும் கம்ப்யூட்டரில், சத்தம் வரவைக்கும் சவுண்டு மாட்யூல் என்ற புரோகிராமின் செட்டிங்கில் 'காக்கா' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டாள். பாட்டு நின்றுபோகும், அவன் வந்து சரிசெய்வான், அப்பா குளிர்ந்துபோவார், உடனே கேட்டுவிடலாம்.

இன்று அவள் கடைக்கு வந்தபோது பாட்டு இல்லை. சந்தோஷமாக அவனுக்குப் போன் போட்டாள். அவனும் வந்ததும் வராததுமாக நேரே செட்டிங்கைத் திறந்து காக்காவை விரட்டினான். அப்புறமும் பாட்டு வரவில்லை.

"காக்கான்னு ஒரு வார்த்தை இருந்துச்சுங்கய்யா. ஆனா அதனால கெடல. மாட்யூலை ஏத்துறது கர்னல், அதான் கம்ப்யூட்டரை உள்ளேயிருந்து நடத்துற மூலப் புரோகிராம். தனக்குத் தெரியாத வார்த்தை வந்தா, 'இது என்னன்னு தெரியல'ன்னு குறிச்சு வச்சுட்டு, அதைத் தள்ளிட்டு மாட்யூலை ஏத்திடும்."

"அளவு கேட்டா காக்கான்னு சொல்றவனுக்கு நான் சட்டை தைப்பேனா?"

"நீங்க தைக்க மாட்டீங்க. கர்னல் தைச்சிடும்."

காஜா எடுத்துக்கொண்டிருந்த மகள் சிரிப்பை அடக்கத் துணியைக் கடித்தாள். அப்பா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அப்போ உனக்கு இங்க வேலையில்லை. கிளம்பு."

அவன் பையை எடுத்தான். மகளின் கண் கலங்கியது.

"நில்லு" என்றார் தையல்காரர். மிஷின் டிராயரைத் திறந்து, ஸ்பீக்கர் ஒயரை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"ராத்திரி போன்ல இவ போட்ட திட்டம் அடுத்த ரூமுக்குக் கேக்காதா? காலையில கடையைத் திறந்தா, இந்தக் கம்ப்யூட்டர் சனியன் அந்தக் காக்காவைச் சட்டையே பண்ணாம ஜோரா பாடிக்கிட்டிருக்கு. இவ வந்து பாத்தா மூஞ்சி சுருங்கிடுமேன்னு நான்தான் ஒயரைப் பிடுங்கினேன். மாட்டிட்டு, கேக்க வந்ததைக் கேளுங்க, மாப்பிள்ளை."