பாட்டில் எண் பதினேழு

ஆறு நாள் பிரான்ஸ் போய்விட்டு வந்ததிலிருந்து நரசிம்மன் பச்சைத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். படாளத்தில் நெல் அரவை மில் வைத்திருந்த மனிதர். இப்போது நெம்மேலி கடலோரத்தில் பதினெட்டு அறை ரிசார்ட்டும், அதற்குள் ஏ.சி. போட்ட வைன் அறையும் வைத்திருந்தார்.

அந்த அறைக்கென்றே தனியாக ஒரு வெப் அப்ளிகேஷன் செய்யச் சொல்லியிருந்தார். பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை விருந்தினர் தன் போனில் ஸ்கேன் செய்தால் திராட்சை விளைந்த மலை, பறித்த மாதம், தோட்டக்காரருடைய தாத்தாவின் மீசை எல்லாம் தெரியும். பாட்டிலைத் திறந்ததும், வைன் ஊற்றும் ஸ்டூவர்டு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். பச்சையாக இருந்தது சிவப்பாகிவிடும். பச்சை என்றால் திறக்காதது. சிவப்பு என்றால் திறந்தது.

"மனுஷனுக்கு ஆதார் மாதிரி சார், என் பாட்டிலுக்கு இது" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அன்று காலை பதினோரு மணிக்கு அவர் போலீசைக் கூப்பிட்டார்.

"பதினாறு பாட்டிலைக் காணோம் மேடம். அத்தனையும் ஃபிரெஞ்ச். சனிக்கிழமை இங்க ஒரு பெரிய வீட்டு நிச்சயதார்த்தம். என் மானமே போயிடும்."

எஸ்.ஐ. ரோகிணி ரிசார்ட்டை ஒரு சுற்று சுற்றினார். வைன் அறைப் பூட்டு உடையவில்லை. சமையலறை மூலையில் ஐந்து லிட்டர் கேன்கள் வரிசையாக நின்றன.

"இது என்ன சார்?"

"அது லோக்கல் வைன் மேடம். மலிவு சரக்கு. சமையலுக்கு."

சுவரில் அன்றைய மெனு எழுதியிருந்தது: வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, தயிர் சாதம்.

வைன் அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று முதலாளியிடம், இன்னொன்று ஸ்டூவர்டு அருணகிரியிடம். அருணகிரியை அழைத்து வந்தார்கள். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் ஐயப்பன் மாலை. மறுநாள் விடியற்காலையில் சபரிமலைக்குப் பஸ். மாலை போட்டவர் யாராக இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். விசாரணை அங்கேயே சிக்கலாகிவிட்டது.

"சாமி, நீங்க திருடுனீங்களா?"

"நான் இன்னாத்துக்கு மேடம் திருடப் போறேன்?"

"அவன்கிட்ட இன்னா மேடம் மரியாத? நாலு தட்டு தட்டுங்க, தானா கக்குவான்!" கோபம் வந்தால் நரசிம்மனிடமிருந்து பிரான்ஸ் போய் படாளம் வந்துவிடும்.

"மாலை போட்டவர் மேல நான் கை வைக்க மாட்டேன் சார். எனக்கும் குடும்பம் இருக்கு."

அதற்குள் கான்ஸ்டபிள், அருணகிரியின் மொபெட்டிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து வந்தார். உள்ளே பதினாறு பாட்டில். பதினாறும் காலி.

நரசிம்மன் தலையில் அடித்துக்கொண்டார். "குடிச்சிட்டான்! அத்தனையும் குடிச்சிட்டான்!"

"இன்னா சார் பேசுற நீ? மாலை போட்டு நாப்பது நாளாவுது. கவுச்சி கூட தொடல. காலி பாட்டிலு மேடம் இதெல்லாம். நானே கஸ்டமர் முன்னாடி தொறந்து, ஸ்கேன் பண்ணி, ஊத்துனது. உள்ள குமிஞ்சி கெடந்துச்சி. மலைக்குப் போறதுக்கு முன்ன க்ளீன் பண்ணலாமேன்னு எடுத்தேன். எந்த பார்லயும் காலி பாட்டிலு ஸ்டூவர்டுக்குத்தான். பழைய பேப்பர் கடையில போட்டா இருமுடி செலவுக்கு ஆவும்."

"பொய்! இங்க பாருங்க." நரசிம்மன் போனை நீட்டினார். பதினாறு பாட்டில் எண்களும் பச்சைப் பசேலென்று இருந்தன. திறக்கப்படவே இல்லை. "மனுஷன் பொய் சொல்லுவான் மேடம். சாஃப்ட்வேர் சொல்லாது."

அருணகிரிக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் செவப்பு ஆக்குனேன் மேடம்... சத்தியமா ஆக்குனேன்..." ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்தால்கூடப் பஸ் போய்விடும். நாற்பது நாள் விரதமும் போய்விடும்.

ரோகிணி தயங்கினார். பிறகு, "சாமி, ஜீப்புல ஏறுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெயப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பொத்தேரியில் ஒரு பரோட்டா கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, அந்த அப்ளிகேஷனைச் செய்து கொடுத்தவள் அவள்தான். கேசுக்கு ஆதாரமாகப் பிரிண்ட் எடுத்துத் தர நரசிம்மனே வரச் சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு என்ன கலர்னு மட்டும் காட்டினா கோர்ட்டுல நிக்காது சார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் முதல் நாள்லேருந்து நடந்தது எல்லாம் பதிவாகியிருக்கு. அதை எடுத்துரட்டுமா?"

"எடும்மா! ஒரு வரி விடாம எடு. இவன் தப்பிக்கவே கூடாது."

பிரிண்டர் தாளைத் துப்பியது. ரோகிணி படித்தார். புருவம் உயர்ந்தது.

"இதுல 'திருத்து'ன்னு ஒண்ணு அடிக்கடி வருதே, என்னம்மா அது?"

"சார் கேட்டு வாங்குன பட்டன் மேடம். வெயிட்டர் தப்பா ஸ்கேன் பண்ணிட்டா, சிவப்பை மறுபடி பச்சையாக்க. சார் போன்ல மட்டும்தான் வேலை செய்யும். ஆனா பச்சையாக்கினாலும் பழைய பதிவு அழியாது."

நரசிம்மன் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். இந்த முறை முகர்ந்து பார்க்கவில்லை.

"சாமி, நீங்க இறங்குங்க. நல்லபடியா மலைக்குப் போயிட்டு வாங்க." ரோகிணி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சார், நீங்க ஏறுங்க. போற வழியில, இறால் தொக்குக்கு எத்தனை கேன் வைன் ஊத்துவீங்கன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

அந்தத் தாளின்படி, அந்தப் பதினாறில் ஒன்றான பாட்டில் எண் பதினேழு இதுவரை ஒன்பது முறை விருந்தினர் கண்ணெதிரே காலியாகி, ஒன்பது முறையும் நெம்மேலியிலேயே பிரெஞ்சுக்காரனாக மறுபிறவி எடுத்திருந்தது.