தனித்து நின்ற பெட்டி

கலாநிதி ரஸீன் வரைபடம் வரைந்தால் போதும், அதிலிருந்து மென்பொருள் தானாகவே உருவாகிவிடும். அதுதான் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வு. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளையும் அப்படித்தான் செய்தார். வரைபடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை விட்டு விலகி மேட்டில் நின்ற ஜெயராணியின் வீடு மட்டும் எதனோடும் இணையாமல் பிழை காட்டிக்கொண்டே இருந்தது. ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் அந்தப் பெட்டியை அழித்துவிட்டார்.

அடைமழையன்று எல்லா வீடுகளுக்கும் எச்சரிக்கை போனது, அந்த வீட்டைத் தவிர. ஜெயராணியும் பிள்ளைகளும் மண்ணுக்குள் போனார்கள். பெட்டியை அழித்ததை ரஸீன் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு காலையில் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. அழித்தாலும் மறுநாள் வந்துவிடும்.

“நீங்களா திரும்பப் போட்டது?” என்று உதவியாளர் டிலானியிடம் கேட்டார்.

“இல்ல சேர். அந்த வீடுதான் இப்ப இல்லையே.”

இன்று அவர் அதை அழிக்கவில்லை. ஒரு கோடு இழுத்து மற்ற வீடுகளோடு இணைத்தார். மென்பொருளை மறுபடி உருவாக்கி, சோதனைக்காக ஓர் எச்சரிக்கை அனுப்பினார். வெளியே நல்ல வெயில். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ‘சரி’ என்று பதில் வந்தது. கடைசிப் பதில் ஜெயராணியின் கைபேசி எண்ணிலிருந்து வந்தது.

“எல்லாரும் வெளிய வந்துட்டோம் சேர். இப்ப எங்க போறது?”