டாக்டர் வராத நாள்

“டாக்டர், ஆந்தை மறுபடியும் வாயைப் பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குது. இப்படியே போனா தாங்காது!” என்று ஓடிவந்தார் மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்.

“இங்க தூக்கிட்டு வாங்க. இந்த வெயில்ல என்னால வெளியே வர முடியாது.”

டாக்டரின் மேசைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் ஆந்தை சிறகை மடக்கிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தது. ரத்தப் பரிசோதனையிலும் ஒரு குறையும் இல்லை. கூண்டுக்குப் போனால் மறுபடியும் அதே கதைதான்.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது,” பராமரிப்பாளர் தலையைச் சொறிந்தார். “நீங்க லீவு போட்ட அன்னிக்கெல்லாம் அது கூண்டுலயே நல்லாத்தான் இருக்கு.”

“என் கை பட்டாலும் தேறுது, நான் வராட்டியும் தேறுதா? ஏன்யா குழப்புறீங்க!”

குளிர்ந்தால் மூளை வேலை செய்யும் என்று, போன மாதம் மாட்டிய புது ஏ.சி.யைக் கூட்டிவைத்து டாக்டர் யோசித்தார். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கரண்ட் போனது. ஃபைலால் விசிறி விசிறிக் கை ஓய்ந்தபின், வேறு வழியில்லாமல் வெளியே வந்து, அறைக்குப் பின்னால் இருந்த கூண்டுக்குப் போனார். ஆந்தை வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“எப்படிய்யா?”

“எனக்கும் புரியலையே, டாக்டர்.”

கரண்ட் வந்தது. டாக்டரின் அறைச் சுவரில், கூண்டைப் பார்த்தபடி மாட்டியிருந்த ஏ.சி. பெட்டி உறுமியது. அனல் காற்று அவர் முகத்தில் அறைந்தது.

“பாத்தீங்களா, உங்களைக் கண்டதும் வாயைப் பொளந்துடுச்சு!” என்றார் பராமரிப்பாளர்.

ஆந்தை மட்டுமா? டாக்டரும்தான்.